இரண்டு ஆலைகள், ஓர் ஒப்பந்தம்: அமெரிக்காவின் யுரேனியச் செறிவூட்டல் கழகம் தனியார்மயமானபோது நடந்தவை

## எதற்காக இந்த ஆய்வு

1998 ஜூலை 28 அன்று அமெரிக்க அரசு தன்னிடமிருந்த யுரேனியச் செறிவூட்டல் கழகத்தைப் பங்குச் சந்தையில் முழுவதுமாக விற்றது. ஒரு பங்கு 14.25 டாலர் என்று 10 கோடி பங்குகள் கைமாறின. பங்கு விற்பனையும் கழகத்தின் பெயரில் வாங்கிய கடனும் சேர்ந்து கருவூலத்துக்கு 190 கோடி டாலருக்குச் சற்று மேல் கிடைத்தது. வாங்கியவர்கள் மீது பல கடமைகள் இருந்தன. சில சட்டத்தில் எழுதப்பட்டவை, சில ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் மிக முக்கியமானது, இரண்டு செறிவூட்டல் ஆலைகளையும் 2005 ஜனவரி வரை மூடக்கூடாது என்பது.

முதல் ஆலை 2001 மே மாதத்தில் செறிவூட்டலை நிறுத்தியது. அப்போது எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, எந்த ஒப்பந்தமும் முறிக்கப்படவில்லை. இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். நீதிமன்றத்தில் தோற்ற ஒரு நிறுவனத்தின் கதை இது அல்ல. எழுதியபடியே எல்லாம் நடந்தும், எந்த நோக்கத்துக்காக எழுதினார்களோ அது நிறைவேறாமல் போனதைப் பற்றியது. பொதுத்துறைச் சொத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தங்களை எழுதுபவர்களும் படிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் பெயர் பொது ஆவணங்களில் உள்ளது என்பதால் அதைச் சொல்கிறேன். தனிமனிதர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை.

## பின்னணி

இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடுதான். அமெரிக்காவில் ஓடும் அணு உலைகளுக்கு அது 3 முதல் 5 விழுக்காடு வரை இருந்தாக வேண்டும். அந்த அளவுக்கு உயர்த்துவதே செறிவூட்டல். தமிழ்நாட்டிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். கல்பாக்கத்தின் கனநீர் உலைகள் இயற்கை யுரேனியத்தில் ஓடுகின்றன. கூடங்குளம் உலைகளுக்குச் செறிவூட்டிய எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. செறிவூட்டலை வெளியிலிருந்து வாங்கும் நாடு எரிபொருளுக்கு வெளியாரைச் சார்ந்திருக்கிறது. தன் கையில் செறிவூட்டும் ஆலையை வைத்திருக்கும் நாட்டுக்கு, அதே நுட்பத்தின் மறுமுனையில் அணுகுண்டும் இருக்கிறது.

கென்டக்கி மாநிலத்தின் படூக்கா ஆலை 1952இலும், ஒஹாயோ மாநிலத்தில் பைக்டன் ஊருக்கு அருகே உள்ள போர்ட்ஸ்மவுத் ஆலை 1954இலும் இயங்கத் தொடங்கின. இரண்டும் முதலில் ஆயுதங்களுக்காகவே கட்டப்பட்டவை. யுரேனியத்தை வாயுவாக்கி, மிக நுண்ணிய துளைகள் கொண்ட தடுப்புகள் வழியே மீண்டும் மீண்டும் செலுத்தும் வாயுப் பரவல் முறையில் அவை வேலை செய்தன. இந்த முறை மின்சாரத்தை விழுங்கும். செறிவூட்டும் வேலையை அளக்கும் ஓர் அலகுக்குச் சுமார் 2,400 யூனிட் மின்சாரம் தேவைப்பட்டது. ஐரோப்பியப் போட்டியாளர்கள் பயன்படுத்திய மையவிலக்கி முறையில் அதே வேலை 50 யூனிட் அளவில் முடிந்தது. நிறுவனம் பிறந்த நாளிலேயே இந்த இடைவெளி கூடப் பிறந்துவிட்டது என்பதை மறந்துவிட்டு அதற்குப் பிறகான எந்த முடிவையும் எடைபோட முடியாது.

1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தை இயற்றி, ஐக்கிய அமெரிக்கச் செறிவூட்டல் கழகத்தை உருவாக்கியது. அத்துறையில் அதை 'யூசெக்' என்றே அழைத்தார்கள், இங்கும் அப்படியே அழைக்கிறேன். 1993 ஜூலை 1 முதல் ஆலைகளின் இயக்கம் யூசெக்கின் கைக்கு வந்தது. ஆலைகளின் உரிமை எரிசக்தித் துறையிடமே இருந்தது, கழகம் குத்தகைதாரர் மட்டுமே.

அதே 1993இல் ரஷ்யாவுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சோவியத் அணுகுண்டுகளிலிருந்து எடுக்கும் 500 டன் உயர்செறிவு யுரேனியத்தின் செறிவைக் குறைத்து, உலை எரிபொருளாக்கி, இருபது ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு விற்பது அதன் சாரம். ஏறத்தாழ 20,000 குண்டுகளுக்கான பொருள் அது. அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த எரிபொருளிலிருந்து கிடைத்தது. ஆயுதக் குறைப்பின் வரலாற்றில் இதற்கு இணையான சாதனைகள் மிகச் சில. அமெரிக்கத் தரப்பில் இந்தப் பொருளை வாங்கும் செயல் முகவராக யூசெக்கே நியமிக்கப்பட்டது.

ஒரே நிறுவனம் தன் ஆலைகளில் செறிவூட்ட வேண்டும், ஏற்கனவே செறிவூட்டிய ரஷ்யச் சரக்கையும் வாங்கி விற்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொரு அலகும் சொந்த ஆலையில் ஓர் அலகு வேலையைக் குறைக்கும். அரசு நிறுவனமாக இருந்தவரை இந்த முரணை அரசே ஒருவகையில் சுமந்துகொள்ள முடிந்தது.

## சட்டம் என்ன கேட்டது

தனியார்மயமாக்கலுக்கான தனிச்சட்டம் 1996 ஏப்ரலில் வந்தது. அதைப் பொறுமையாகப் படித்தால், எழுதியவர்களுக்கு ஆபத்துகள் தெரியாமல் இல்லை என்பது விளங்கும். விற்பனைக்கு ஒப்புதல் தருமுன் உறுதிசெய்ய வேண்டியவற்றை அது வரிசையாகச் சொல்கிறது: மக்களின் உடல்நலத்துக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் கேடு வரக்கூடாது, கழகம் நெடுங்காலம் நிலைத்து நிற்க வேண்டும், வாயுப் பரவல் ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும், யுரேனியச் சுரங்கம் முதல் செறிவூட்டல் வரை உள்நாட்டில் நம்பகமான, சிக்கனமான வழங்கல் காக்கப்பட வேண்டும்.

கடமைகள் அதோடு முடியவில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்கு எவரும் பத்து விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது. தொழிலாளர்கள் அதுவரை ஈட்டிய ஓய்வூதியப் பலன் குறையக் கூடாது, நடப்பிலிருந்த தொழிற்சங்க ஒப்பந்தம் மதிக்கப்பட வேண்டும். அரசு கழகத்துக்கு மாற்றித் தரும் 50 டன் உயர்செறிவு யுரேனியத்தையும் 7,000 டன் இயற்கை யுரேனியத்தையும் ஒரே மூச்சில் சந்தையில் கொட்டக் கூடாது, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. தனியார்மயத்துக்கு முந்தைய இயக்கத்தால் எழும் பொறுப்புகள் அமெரிக்க அரசையே சாரும்.

1997 மார்ச் முதல் அணுப் பாதுகாப்பு மேற்பார்வை எரிசக்தித் துறையிலிருந்து அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மாறியிருந்தது. ஆலைகளை இயக்க அந்த ஆணையத்தின் இணக்கச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழிலும் சட்டம் ஒரு பொருளாதார நிபந்தனையைச் செருகியது: அந்நியரின் கட்டுப்பாட்டில் நிறுவனம் இருக்கக் கூடாது, சான்றிதழ் வழங்குவது நம்பகமும் சிக்கனமுமான உள்நாட்டு வழங்கலுக்குக் கேடாக அமையக் கூடாது. கதிர்வீச்சையும் கசிவையும் நிலநடுக்கத் தாங்குதிறனையும் சோதிக்கப் பயின்ற அமைப்பிடம் ஒரு நிறுவனத்தின் வருவாய்க் கணக்கையும் சோதிக்கச் சொன்னது எனக்குப் பிழையான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

இந்தப் பட்டியலில் இரண்டு வகை வாக்கியங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 'பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடாது' என்பதை மீறினால் உடனே தெரியும், தடுக்கவும் முடியும். 'நெடுங்காலம் நிலைத்து நிற்க வேண்டும்' என்பது விற்பனை நாளன்று ஒப்புதல் தருபவர் மனநிறைவு அடைய வேண்டிய விஷயம். மறுநாள் முதல் அது எவருடைய கடமையும் அல்ல.

## விற்பனை முடிவு

இரண்டு வழிகள் இருந்தன: ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கோ கூட்டுக்கோ மொத்தமாக விற்பது, அல்லது பங்குச் சந்தை வெளியீடு. கழகத்தின் இயக்குநர் குழு பங்கு வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தது. கருவூலத் துறை ஒப்புக்கொண்டது. அரசுக் கழகத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவரே தனியார் நிறுவனத்திலும் தலைமை நிர்வாகியாகத் தொடர்ந்தார். எந்த வழியில் விற்பது என்று பரிந்துரைத்த நிர்வாகத்துக்கு அந்தத் தேர்வில் சொந்த நலன் இருந்தது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அதிபரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த பொருளாதார அறிஞர், இலாபம் தேடும் நிறுவனத்திடம் ரஷ்ய உடன்பாட்டை ஒப்படைக்காதீர்கள் என்று அரசுக்குள்ளேயே வாதாடினார். அவருடைய வாதம் எளிமையானது. ரஷ்யச் சரக்கு வராமலிருந்தால் நிறுவனத்துக்கு நன்மை, வந்துகொண்டே இருந்தால் உலகுக்கு நன்மை. அவருடைய சொல் எடுபடவில்லை.

விற்பனைக்கு இரு வாரங்கள் முன்பு, 1998 ஜூலை 14 அன்று, கருவூலத் துறைக்கும் கழகத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சட்டம் பொதுவாகச் சொன்ன 'ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும்' என்பதை இது நாள்குறித்த கடமையாக மாற்றியது: 2005 ஜனவரி வரை இரண்டு ஆலைகளும் இயங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆட்குறைப்பு 500 பேரைத் தாண்டக் கூடாது என்பதும் இதிலேயே இருந்தது. பைக்டனிலும் படூக்காவிலும் தொழிலாளர்கள் நம்பியது இந்தத் தாளைத்தான்.

ஆனால் அதே தாளில் 'முக்கிய நிகழ்வுகள்' என்ற தலைப்பில் விலக்குகளும் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று நிகழ்ந்தாலும் ஆலையை மூடத் தடையில்லை. இயற்கைப் பேரிடர் அதில் ஒன்று. அது நியாயமானது. இலாப விகிதம் பன்னிரண்டு மாதங்களுக்குப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போவது, வட்டி கட்டும் திறன் குறைவது, உலகத் தேவை குறைவது, விலை குறைவது ஆகியவையும் இருந்தன. நிறுவனத்தின் நீண்டகாலக் கடன் தரமதிப்பு முதலீட்டுத் தரத்துக்குக் கீழே, அதாவது நம்பிக் கடன் தரலாம் என்று தரமதிப்பு நிறுவனங்கள் கருதும் படிக்குக் கீழே, இறங்குவதும் இருந்தது.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இலாபம் வரும்வரை எந்த நிறுவனமும் ஆலையைத் தானாக மூடாது. மூட வேண்டிய நெருக்கடி வரும்போதுதான் 'மூடாதே' என்ற கடமைக்கு வேலை. அந்த நெருக்கடியின் ஒவ்வொரு அறிகுறியையும் விலக்காக எழுதிவிட்டால், தேவைப்படாத காலத்தில் மட்டும் செல்லுபடியாகும் கடமைதான் மிஞ்சும். ஒப்பந்தம் போட்ட இரு தரப்பிலும் தேர்ந்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இது அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நம்ப முடியவில்லை. முதலீட்டாளர்கள் பங்கு வாங்க வேண்டுமானால் இத்தகைய விலக்குகள் வேண்டும் என்று வாதிட்டிருப்பார்கள். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. அப்படியானால், தொழிலாளர்களிடமும் இரு ஊர்களிடமும் '2005 வரை உறுதி' என்று சொல்லியிருக்கக் கூடாது.

## கவனிக்கப்பட்டவை: 1998 – 2000

விற்ற சில மாதங்களிலேயே நிலைமை இறங்கத் தொடங்கியது. செறிவூட்டலின் சந்தை விலை சரிந்தது. ரஷ்யாவுக்குத் தர வேண்டிய விலையோ 2001 வரை நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தது. சந்தை அதற்குக் கீழே போனபோது, ரஷ்யச் சரக்கின் ஒவ்வொரு அலகிலும் இலாபம் கரைந்தது. அந்தச் சரக்குக்கு ஈடான இயற்கை யுரேனியத்தின் மதிப்பை ரஷ்யாவுக்கு எப்படிச் சேர்ப்பது என்ற தகராறில் உடன்பாடே தடுமாறியது. 1998 இறுதியில் காங்கிரஸ் 32.5 கோடி டாலர் ஒதுக்கி, அந்த யுரேனியத்தை அரசே வாங்கித்தான் அதை மீட்டது. விற்று முடித்த பொறுப்பு மூன்றே மாதங்களில் கருவூலத்தின் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது.

யூசெக் தன்னிடம் வந்துசேர்ந்த இயற்கை யுரேனிய இருப்பை விற்றுப் பணமாக்கியது. அதனால் உள்நாட்டுச் சுரங்கங்கள் விலை வீழ்ச்சியில் அடிபட்டன. சுரங்கத் தொழிலைக் காப்பதும் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எதிர்காலத் தொழில்நுட்பம் என்று காட்டப்பட்ட லேசர் செறிவூட்டல் திட்டம் 1999 ஜூனில் கைவிடப்பட்டது.

1999 கோடையில் படூக்கா ஆலையின் பழைய காயம் ஒன்று வெளியே வந்தது. முன்னாளில் உலைகளில் பயன்படுத்தி மீட்ட யுரேனியம் அங்கே பதப்படுத்தப்பட்டதையும், அதில் புளூட்டோனியமும் நெப்டியூனியமும் கலந்திருந்ததையும், வேலை செய்தவர்களிடம் அது சரிவரச் சொல்லப்படாததையும் நாடு அறிந்தது. மறு ஆண்டு இயற்றிய சட்டம், நோயுற்ற அணு ஆயுதத் தொழிலாளர்களுக்கு 1,50,000 டாலர் இழப்பீட்டுக்கு வழிவகுத்தது. இங்கே தனியார்மயச் சட்டத்தின் பொறுப்புப் பிரிவு சரியாக வேலை செய்தது. பழைய பாவத்தின் சுமை புதிய பங்குதாரர்களிடமும் போகவில்லை, திவாலாகக்கூடிய ஒரு நிறுவனத்தின் தலையிலும் விழவில்லை. அரசே ஏற்றது. இந்த ஒரு பிரிவை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1999 இலையுதிர் காலத்தில் யூசெக், ரஷ்ய உடன்பாட்டின் முகவர் பொறுப்பிலிருந்து விலகலாம் என்று அரசுக்கு உணர்த்தி, சுமார் 20 கோடி டாலர் உதவி கேட்டது. 1997இல் எழுதிய முகவர் ஒப்பந்தப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்தால் போதும், விலகிக்கொள்ளலாம். இருபது ஆண்டு நீளும் ஆயுதக் குறைப்பு முப்பது நாள் அறிவிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அரசு உதவவில்லை. டிசம்பர் 1 அன்று இயக்குநர் குழு முகவராகத் தொடர்வதென்று முடிவெடுத்தது. சொந்த ஆலையில் செய்வதைவிட ரஷ்யச் சரக்கு மலிவாகவே முடிந்தது என்பதும், விலகினால் அதே சரக்கு போட்டியாளர் கைக்குப் போகும் என்பதும் அதற்குக் காரணங்களாக இருந்திருக்க வேண்டும்.

2000 பிப்ரவரியில் நிறுவனம் 850 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு பங்குக்கு 1.10 டாலராக இருந்த ஈவுத்தொகையைப் பாதியாக்கியது. அதுவரை அந்த ஈவுத்தொகை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11 கோடி டாலரை வெளியே கொண்டுபோனது. அதற்கு மேல் நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கவும் பணம் செலவிட்டிருந்தது. அதே மாதத்தில் தரமதிப்பு நிறுவனங்கள் யூசெக்கின் கடன் தரத்தை முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இறக்கின.

## 2000 ஜூன் 21: மூடும் முடிவு

விலக்கு நிகழ்ந்துவிட்டது, கடமை அவிழ்ந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து, இரண்டு ஆலைகளில் ஒன்றை 2001 ஜூனில் மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. மூடப்போவது போர்ட்ஸ்மவுத்.

இயக்குநர்களின் நிலையிலிருந்து பார்க்க வேண்டியது நேர்மை. இரண்டு ஆலைகளும் தம் திறனில் சிறு பகுதியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஆலையில் மொத்த வேலையும் முடியும்போது இரண்டுக்கும் செலவழிப்பது பங்குதாரர் பணத்தை எரிப்பது. பங்குதாரர் நலனுக்குப் பொறுப்பாக இருப்பது நிறுவனச் சட்டப்படி அவர்களுடைய கடமை. இயங்கும் ஆலையாகப் படூக்காவைத் தேர்ந்தெடுத்ததற்கு மின்சாரமே அடிப்படை. டென்னசிப் பள்ளத்தாக்கு மின்வாரியத்துடன் பத்தாண்டு மின் ஒப்பந்தம் அந்தக் கோடையில்தான் கையெழுத்தானது.

ஆனாலும் அந்த முடிவுக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. படூக்கா 2.75 விழுக்காடு வரைதான் செறிவூட்டும். மேற்கொண்டு உலைத் தரத்துக்கு உயர்த்துவது போர்ட்ஸ்மவுத்தில். மூடப்போவது அந்த இறுதிக்கட்டத்தைச் செய்த ஆலை. ஆகவே படூக்காவைக் கூடுதல் செறிவுக்கு மேம்படுத்தி, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலும் பெற வேண்டியிருந்தது. படூக்கா இருப்பதோ நியூ மாட்ரிட் நிலநடுக்கப் பகுதிக்கு அருகில். அதற்காகக் கட்டடங்களை வலுப்படுத்தும் வேலையை ஆணையம் ஏற்கனவே வலியுறுத்தி முடிக்க வைத்திருந்தது. ஒப்புதல் 2001 மார்ச்சில் வந்தது, மே மாதம் போர்ட்ஸ்மவுத் செறிவூட்டலை நிறுத்தியது. பாதுகாப்பு சார்ந்த கடமைகள் அனைத்தும் வரிக்கு வரி நிறைவேற்றப்பட்டன. அவற்றை மேற்பார்வையிட ஒரு முழுநேர அமைப்பு இருந்தது, மீறினால் சான்றிதழ் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது.

பைக்டன் மக்களுக்கு அப்படி எவரும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் கருவூலமும் நிறுவனமும் மட்டுமே. அதன் பலனை நம்பியிருந்த தொழிற்சங்கத்துக்கும் ஊருக்கும் அதில் இடமில்லை. மூடிய ஆலையை மீண்டும் இயக்கக்கூடிய உறங்குநிலையில் வைத்திருக்க எரிசக்தித் துறை பணம் செலவிட்டது. தொழிலாளர்களின் மாற்று வேலைக்கும் அரசே உதவ வேண்டியிருந்தது.

## 2002: மறுபேரம்

ஒரே ஒரு ஆலையும் எப்போது நிற்குமோ என்ற கவலை அரசைப் பிடித்துக்கொண்டது. 2002 ஜூன் 17 அன்று எரிசக்தித் துறையும் யூசெக்கும் புதிய உடன்பாடு செய்துகொண்டன. படூக்காவில் ஆண்டுக்கு 35 இலட்சம் அலகுகளுக்குக் குறையாமல் செறிவூட்ட வேண்டும். அமெரிக்க மையவிலக்கித் தொழில்நுட்பத்தில் புதிய ஆலையைக் காலக்கெடுக்களின்படி கட்ட வேண்டும். கெடு தவறினால் அரசு எடுக்கக்கூடிய நடவடிக்கைகளும் எழுதப்பட்டன. ரஷ்யச் சரக்கின் விலையும் அதே சமயத்தில் சந்தையோடு இணைக்கப்பட்டது. 1998இன் தாளைவிட இது பலமடங்கு தேர்ந்த எழுத்து. கடமைக்கு அளவு இருந்தது, தவறினால் பின்விளைவும் இருந்தது.

தனியார்மயத்துக்கு முன் அரசு ஒப்படைத்த யுரேனியத்தில் 9,550 டன் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தால் மாசுபட்டிருக்கலாம் என்று யூசெக் கண்டறிந்ததும் இந்த உடன்பாட்டில்தான் தீர்வுக்கு வந்தது. மாசை மாற்றித் தரவோ சுத்திகரிக்க உதவவோ அரசு ஒப்புக்கொண்டது. சட்டப்படி உரிமை இருந்தும், நிறுவனம் அதைப் பேரத்தின் ஒரு பகுதியாகத்தான் பெற முடிந்தது. கடமை ஒருபக்கம் மட்டும் இருப்பதில்லை, விற்ற அரசும் நல்ல சரக்கைத் தரக் கடமைப்பட்டது.

இன்னொரு பக்கம் நிறுவனம் வணிகச் சட்டத்தைக் கேடயமாகவும் பயன்படுத்தியது. ஐரோப்பியச் செறிவூட்டல் மலிவு விலையில் கொட்டப்படுகிறது என்று 2000 டிசம்பரில் முறையிட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 ஜனவரியில் அந்நீதிமன்றம் ஒருமனதாக, அப்படி மலிவாகக் கொட்டுவதைத் தடுக்கும் வரி செறிவூட்டல் ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

## என்ன ஆயிற்று

மையவிலக்கி ஆலைக்கு 2007 ஏப்ரலில் உரிமம் கிடைத்தது. இடம் அதே பைக்டன். 200 கோடி டாலர் அரசுக் கடன் உத்தரவாதம் கேட்டு நிறுவனம் விண்ணப்பித்தது, 2009இல் எரிசக்தித் துறை அதைத் தர மறுத்தது. தரமதிப்பு இழந்த நிறுவனத்துக்குத் தனியார் வங்கிகளும் அவ்வளவு பெரிய தொகையைத் தர முன்வரவில்லை. ஆலை முழு அளவில் எழவில்லை. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் ஜப்பானிய உலைகள் நிறுத்தப்பட்டதில் செறிவூட்டல் சந்தை மேலும் வீழ்ந்தது. படூக்கா கடைசி ஓராண்டு, அரசிடமிருந்த பழைய கழிவு யுரேனியத்தை மீண்டும் செறிவூட்டும் ஒரு சிறப்பு ஏற்பாட்டில் ஓடி, 2013 மே 31 அன்று செறிவூட்டலை நிறுத்தியது. ரஷ்ய உடன்பாடு அதே ஆண்டு டிசம்பரில் வெற்றிகரமாக முடிந்தது. 500 டன்னும் வந்துசேர்ந்தது. 2014 மார்ச் 5 அன்று யூசெக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. செப்டம்பர் 30 அன்று சென்ட்ரஸ் எனர்ஜி என்ற பெயரில் வெளியே வந்தது. அக்டோபரில் படூக்கா எரிசக்தித் துறையிடம் திரும்பியது.

ரஷ்ய உடன்பாடு மட்டும் ஏன் பிழைத்தது என்பது கேட்க வேண்டிய கேள்வி. நிறுவனத்தின் மனம் மாறியதால் அல்ல. அந்த உடன்பாட்டில் இரு நாட்டு அரசுகள் இருந்தன, சிக்கல் வந்தபோதெல்லாம் அவை பணத்தோடும் மறுபேரத்தோடும் குறுக்கிட்டன. உள்நாட்டு ஆலைகள் விஷயத்தில் அரசு தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருந்தது.

நியூ மெக்சிகோவில் 2010இல் தொடங்கிய ஆலை இன்று அமெரிக்காவில் செறிவூட்டுகிறது. அது ஐரோப்பியத் தொழில்நுட்பம், சர்வதேச உடன்படிக்கைப்படி அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியது. சொந்தத் தொழில்நுட்பத்தில் பைக்டனில் 2023இல் 16 மையவிலக்கிகள் கொண்ட ஒரு தொடர் இயங்கத் தொடங்கியது. 2024 மே மாதம் அமெரிக்கா ரஷ்யச் செறிவூட்டிய யுரேனியத்தின் இறக்குமதியைத் தடைசெய்தபோது, யூசெக்கின் வாரிசான நிறுவனம் அதே ரஷ்யச் சரக்கை வாடிக்கையாளர்களுக்குத் தருவதற்காக அரசிடம் விலக்கு கேட்க வேண்டியிருந்தது.

## மாற்ற வேண்டியவை

இதே விற்பனை மறுபடி நடந்தால், செயல் முகவர் வேலையைச் செறிவூட்டும் நிறுவனத்திடம் தரக்கூடாது என்பேன். சிறிய அரசு அலுவலகம் ஒன்று ரஷ்யச் சரக்கை வாங்கி ஏலத்தில் விற்றிருக்கலாம். செறிவூட்டுபவரின் இலாபமும் உலகின் பாதுகாப்பும் ஒரே கணக்கேட்டில் மோதியிருக்காது.

'நம்பகமான உள்நாட்டு வழங்கல்' போன்ற நோக்கங்களை ஒப்புதல் நாளோடு முடியும் சோதனையாக எழுதுவதில் பயனில்லை. ஆண்டுதோறும் ஒரு தகுதியுள்ள அமைப்பு அளந்து காங்கிரஸிடம் சொல்ல வேண்டும். அந்த அமைப்பு அணுப் பாதுகாப்பு ஆணையமாக இருக்கக்கூடாது. ஆலை ஊர்களும் தொழிற்சங்கமும் ஒப்பந்தத்தில் மூன்றாம் தரப்பாகப் பெயர் குறிக்கப்பட்டு, அதை நிறைவேற்றக் கோரும் உரிமை பெற வேண்டும்.

விலக்குப் பட்டியலில் நிறுவனத்தின் கைக்கு அப்பாற்பட்டவை மட்டுமே நிற்க வேண்டும். இலாப விகிதமும் தரமதிப்பும் அப்படிப்பட்டவை அல்ல. ஈவுத்தொகை எவ்வளவு, எத்தனை பங்குகளைத் திரும்ப வாங்குவது என்ற முடிவுகள் அவற்றைத் தொடுகின்றன. அந்த முடிவுகள் இயக்குநர் குழுவின் கையில்தான் இருந்தன. ஒஹாயோவில் வேலையிழந்தவர்களை நினைக்கும்போது எனக்கு மிகவும் உறுத்துவது இதுவே. தரமதிப்பு பற்றிய அந்த விலக்கு இருந்த இடத்தில் கீழ்க்கண்டவாறு எழுதியிருக்க வேண்டும்:

"நிறுவனத்தின் கடன் தரமதிப்பு முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படிக்கு இறங்கிய நாள் முதல் ஈவுத்தொகையும் பங்குத் திரும்பப்பெறுதலும் நிறுத்தப்படும். முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இறங்கினால், ஆலைகளை இயக்கும் கடமை நீங்காது. நிறுவனம் ஏதேனும் ஓர் ஆலையை மூட விரும்பினால் பன்னிரண்டு மாதம் முன்பே அரசுக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் அறிவிக்கும். அந்தக் காலத்துக்குள் அந்த ஆலையின் குத்தகையையும் பணியாளர்களையும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் உரிய பங்கையும் அரசு ஏற்றுக்கொள்ளலாம். அப்படி ஏற்கும்வரை, அல்லது ஏற்கவில்லை என்று அரசு எழுத்தில் தெரிவிக்கும்வரை, ஆலை இயங்கும்."